பகல் ரயில்கள் மட்டும்

லுசேர்ன் ரயில் நிலையத்தில் வெளிநாட்டுப் பயணச்சீட்டு விற்றுக்கொண்டிருந்த மனிதருக்குச் செல்வராணி கேட்டது பிடிபடவில்லை. அவளுடைய ஜெர்மன் அப்படியொன்றும் மோசமில்லை. ஆஸ்பத்திரிச் சலவைச்சாலையில் மூன்று வருடம் வேலை செய்து பழகிய ஜெர்மன். இலக்கணம் இல்லாவிட்டாலும் முகம் பார்த்துச் சொன்னால் விளங்கும். அவருக்குப் பிடிபடாதது அவள் கேட்டதன் நியாயம்.

"பெல்கிரேட்டிலிருந்து தெசலோனிகிக்கு ஒரே வண்டி இருக்கிறது," என்றார் மறுபடியும். "இரவு ஏறிப் படுத்தால் விடிந்து கொஞ்ச நேரத்தில் கிரேக்கம். எதற்காக இடையில் இரண்டு ஊர்களில் இறங்கி ஏற வேண்டும்?"

"இரவு வேண்டாம். பகல் வண்டி மட்டும். பெல்கிரேட்டிலிருந்து நிஷ். நிஷிலிருந்து ஸ்கோப்யே. ஸ்கோப்யேயிலிருந்து தெசலோனிகி. இரவில் ஊரில் தங்குவேன். காலையில் ஏறுவேன்."

"குழுவாகப் போகிறீர்களா?"

"நான் ஒரு ஆள்தான்."

புதிய நிலையக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. வெளியே கொங்கிரீட் உடைக்கும் இயந்திரம் அடங்கும்வரை அவர் பொறுத்திருந்தார். அவளுக்குப் பின்னால் ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள். கடைசியில் மேசைக்கு அடியிலிருந்து செங்கல் போன்ற ஒரு புத்தகத்தை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழால் தள்ளினார். ஐரோப்பா முழுவதற்குமான ரயில் நேர அட்டவணை. போன வருடத்துப் பதிப்பு.

"வீட்டில் இருந்து பாருங்கள். எந்த வண்டி வேண்டுமென்று எழுதிக்கொண்டு வாருங்கள். இந்த வருடம் ஏதாவது மாறியிருந்தால் நான் திருத்தித் தருகிறேன்."

அவர் அவளைத் தட்டிக் கழிக்கத்தான் அப்படிச் செய்தார். செல்வராணி அந்தப் புத்தகத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு எம்மன்புரூக்கேக்கு பஸ் ஏறினாள். 1988ஆம் ஆண்டு சித்திரை மாதம்.

அவளுக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. அண்ணன் இரவீந்திரனுடனும் அவனுடைய மனைவி மனோகரியுடனும் தொழிற்சாலைக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருந்தாள். அண்ணன் எண்பத்துமூன்றின் கடைசியில் கிழக்கு பெர்லின் வழியாக வந்தவன். லுசேர்னில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. அவனுடைய அகதி விண்ணப்பம் ஐந்தாவது வருடமாகப் பேர்னில் கிடந்தது. பதில் வரும்வரை இந்த நாட்டைவிட்டு ஒரு அடி வெளியே வைக்க முடியாது. வைத்தால் திரும்பி உள்ளே வர முடியாது.

செல்வராணிக்கு அப்படியில்லை. போன வருடம் அவளை அகதியாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்களில் நம் ஆட்களில் நூறு பேரில் ஒருவருக்குக்கூட அது கிடைப்பது அரிது. பேர்னில் ஒரு அலுவலகத்தில், ஒரு பெண் அதிகாரிக்கு முன்னால், பூட்டிய அறைக்குள் நான்கு மணித்தியாலம் அவள் என்ன சொன்னாள் என்பது வீட்டில் எவருக்கும் தெரியாது. கேட்க வேண்டாமென்று அவளும் சொல்லவில்லை, எவரும் கேட்கவும் இல்லை. அதன் பிறகு நீல மட்டை போட்ட பயணப் புத்தகம் ஒன்று தபாலில் வந்தது. மூலையில் இரண்டு கறுப்புக் கோடுகள். உள்ளே எந்தெந்த நாடுகளுக்குச் செல்லுபடியாகும் என்ற இடத்தில், ஸ்ரீலங்கா தவிர எல்லா நாடுகளுக்கும் என்று எழுதியிருந்தது.

அதைப் படித்துவிட்டு அண்ணன் அன்று சொன்னான்: "பார்த்தியே, வீட்டை மட்டும் போகேலாது."

செல்வராணி அதை வேறுவிதமாகப் படித்தாள். ஒரேயொரு நாட்டுக்குத்தான் போகக்கூடாது. மிச்சமெல்லாம் கிடக்கிறது.

அவள் வந்த வழி மற்றவர்கள் வந்த வழியல்ல. எண்பத்துநான்கு கார்த்திகையில் ஏஜென்ட் அவளைக் கப்பலில் கிரேக்கம்வரை கொண்டுவந்து, தெசலோனிகிக்கு வெளியே ஒரு லொறியில் ஏற்றினான். தார்ப்பாய் போட்ட லொறி. பெல்கிரேட் வந்து காருக்கு மாற்றும்வரை அவள் வெளிச்சத்தைக் காணவில்லை. நான்கு நகரங்கள், இரண்டு இரவுகள், இரண்டு பகல்கள். தெசலோனிகி, ஸ்கோப்யே, நிஷ், பெல்கிரேட். பெயர்களைக்கூட லொறிக்காரனும் ஏஜென்ட்டும் கதைத்ததை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள். ஒரு வீட்டையோ மரத்தையோ அவள் பார்க்கவில்லை.

அந்த வழியைப் பார்க்க வேண்டும். யன்னலோரம் இருந்து, சீட்டு எடுத்து, பகலில். இதுதான் அவளுடைய திட்டம். இதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆனால் இதை எவரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாதென்று அவளுக்குத் தெரிந்திருந்ததால், முதலில் ஒருத்தியிடம் மட்டும் சொன்னாள்.

அவள் பெயர் ஸ்லாவிட்சா. நிஷ் நகரத்துக்காரி. சலவைச்சாலையில் பெரிய உருளையில் படுக்கை விரிப்புகளை விட்டு மறுபக்கம் மடித்து எடுக்கும் வேலையில் இருவரும் சோடி. ஒரு விரிப்பின் இரண்டு மூலைகள் ஒருத்தி கையிலும் மற்ற இரண்டு மூலைகள் மற்றவள் கையிலுமாக ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் எதிரெதிரே நிற்பவர்கள். ஒருத்தியின் முகத்திலிருந்து மற்றவள் எதையும் ஒளிக்க முடியாது.

"நிஷுக்கா?" என்றாள் ஸ்லாவிட்சா. "அங்கே என்ன இருக்கிறது? நானே வருடத்துக்கு ஒருமுறை அம்மாவைப் பார்க்கப் போகிறேன், பத்து நாளில் ஓடி வருகிறேன்."

"உனக்குத் தெரிந்த ஊர். எனக்குத் தெரியாதே."

ஸ்லாவிட்சா இரண்டு விரிப்புகள் மடிக்கும்வரை யோசித்தாள். பிறகு, "புரட்டாதியில் போ," என்றாள், அவளுடைய பாஷையில் அந்த மாதத்தைச் சொல்லி. "மிளகாய் சுடுகிற காலம். அம்மா வீட்டில் தங்கு. ஆனால் எழுத்துத் தெரியாமல் போகாதே. பலகையை வாசிக்கத் தெரியாவிட்டால் தவறான ஊரில் இறங்குவாய்."

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படிப்பு தொடங்கியது. உருக்கு மேசையில் படிந்திருந்த பஞ்சுத் தூசியில் ஸ்லாவிட்சா விரலால் எழுதுவாள். P போல இருப்பது 'ர'. C போல இருப்பது 'ஸ'. H போல இருப்பது 'ந'. மொத்தம் முப்பது எழுத்துகள்.

"முப்பதுதானா?" என்றாள் செல்வராணி. "எங்களுக்கு இருநூற்று நாற்பத்தேழு."

"அதனால்தான் நீங்கள் இவ்வளவு கதைக்கிறீர்கள்," என்றாள் ஸ்லாவிட்சா.

இரண்டு கிழமையில் எழுத்து வந்துவிட்டது. அதன் பிறகு வசனங்கள். தண்ணீர் வேண்டும். எந்த மேடை? இந்த இடம் என்னுடையது. விசா இருக்கிறது. காத்திருப்பேன். காத்திருப்பேன் என்பதற்கு அவர்கள் சொல் 'செக்காச்சு'. அது மட்டும் செல்வராணிக்கு ஒரே தரத்தில் மனதில் நின்றது.

நேர அட்டவணையைப் படிப்பதுதான் அதைவிடக் கடினமாக இருந்தது. வேலை முடிந்து வந்து குசினி மேசையில் அந்தப் புத்தகத்தை விரிப்பாள். ஒரு பக்கத்தில் நூறு நேரங்கள். ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் சின்னச் சின்ன அடையாளங்கள். அவள் தனக்குத் தேவையானதைக் கொப்பியில் எழுதி, வெட்டி, திரும்பவும் எழுதினாள். நல்ல வண்டிகளெல்லாம் இரவில்தான் ஓடின. பகல் வண்டிகள் எல்லா நிலையத்திலும் நின்று போகிறவை.

ஒருநாள் பின்னேரம் மனோகரி பருப்புக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றவள், கையைத் துடைத்துவிட்டு வந்து கொப்பியை எட்டிப் பார்த்தாள். மனோகரி அதிகம் கதைக்காதவள். ஊரில் கணக்குப் பிரிவில் படித்தவள் என்பதும் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு புள்ளிகள் குறைந்துபோனதும் செல்வராணிக்குத் தெரியும். இங்கே வந்து நான்கு வருடமாக அவள் ஒரு பாடசாலையில் வகுப்பறை கூட்டுகிறாள்.

"இது பிழை," என்றாள் மனோகரி.

"எது மச்சாள்?"

"இந்த வண்டி. பக்கத்தில ரெண்டு சுத்தியல் குறுக்கால போட்டிருக்கு பாரும். அது வேலை நாளில மட்டும் ஓடுறது. நீர் எழுதி வைச்சிருக்கிறது ஞாயிற்றுக்கிழமை."

செல்வராணி பார்த்தாள். உண்மைதான்.

"இதுவும் பிழை. கிரேக்கத்தில மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முந்தி. நீர் எல்லையில ஒரு மணி இருபது நிமிசம் எண்டு எழுதியிருக்கிறீர். அது இருபது நிமிசந்தான்." கொஞ்சம் நிறுத்தி, "எங்க போறீர்?" என்று கேட்டாள்.

செல்வராணி சொன்னாள். மனோகரி ஏன் என்று கேட்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, பென்சிலை வாங்கி, புது ஒற்றைத் தாளின் நடுவே ஒரு கோடு கீறினாள். பருப்பு அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் இருவரும் எழும்பினார்கள். அதற்குப் பிறகு அந்தத் திட்டம் இரண்டு பேருடையதாயிற்று. ஒருத்தி போகிறவள். மற்றவள் எந்த வண்டி தவறினால் அடுத்தது எது என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் இன்னொரு வழி எழுதி வைத்தவள்.

யூகோஸ்லாவிய விசாவுக்குச் சூரிச் போனாள். யார் அழைக்கிறார்கள் என்று கேட்டார்கள். ஸ்லாவிட்சாவின் அம்மா கடிதம் எழுதி அனுப்பினாள். எதற்காக என்று கேட்டார்கள். பார்க்க, என்றாள். எதைப் பார்க்க என்று கேட்டார்கள். ஊரை, என்றாள். ஆடி முடிவில் அந்த முத்திரை விழுந்தது. அதைக் காட்டிக் கிரேக்க முத்திரையும் வாங்கினாள்.

ஆவணியில்தான் அண்ணனுக்குத் தெரியவந்தது. அவள்தான் சொன்னாள். இரண்டு கிழமை லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன், போய் வருகிறேன் என்றாள்.

இரவீந்திரன் முதலில் சிரித்தான். பகிடி என்று நினைத்தான். நீலப் புத்தகத்தில் முத்திரைகளைக் காட்டியபோது அவன் முகம் மாறியது.

"உனக்கென்ன விசரோ? எங்கட சனம் அந்த நாடுகளுக்குள்ளால ஒளிச்சு ஒளிச்சு வருது. நீ காசு குடுத்து அங்க போகப் போறியோ?"

"ஓம்."

"தனியவோ?"

"ஓம் அண்ணை."

"வில் ரவுணில அந்தப் பெடியன்ர ஆக்களோட கலியாணம் கதைச்சு வைச்சிருக்கிறன். தை மாசம் எழுத்து எண்டு சொல்லியிருக்கிறன். ஒரு குமர்ப்பிள்ளை ரெண்டு கிழமை தனிய ஊர் சுத்தப் போட்டுது எண்டால் அவையள் என்ன நினைப்பினம்?"

அந்தப் 'பெடியன்' யோகராஜாவுக்கு நாற்பது வயது. வில் நகரத்தில் ஒரு உலோகத் தொழிற்சாலையில் வேலை. செல்வராணி அவரை ஒருமுறை ஒரு கலியாண வீட்டில் கண்டிருக்கிறாள். அமைதியான மனிதர். அவரில் அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

விஷயம் எப்படியோ வில்வரை போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரே தொலைபேசி எடுத்தார். அண்ணன் ரிசீவரை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றான்.

"நான் குறை நினைக்கேல்லை," என்றார் யோகராஜா. "ஆனா ஒண்டு சொல்லட்டோ? இந்த வருசம் விடுங்கோ. கலியாணம் முடியட்டும். எனக்கும் பயணப் பத்திரம் கிடைச்ச உடன ரெண்டு பேருமாப் போவம். நானே கூட்டிக்கொண்டு போறன்."

நல்ல எண்ணத்தோடு சொன்ன வார்த்தை என்பது அவளுக்கு விளங்கியது. அதனால் பதிலும் மரியாதையாகவே வந்தது.

"நான் அந்த வழியால ஒருக்கா ஆக்கள் கூட்டிக்கொண்டு வந்துதான் வந்தனான். இந்த முறை நானாப் போகவேணும்."

"அது வேற, இது வேற."

"உங்களுக்கு வேற. எனக்கு ஒண்டுதான்."

பிறகு அவர், "அப்ப நான் வீட்டில கதைச்சிட்டுச் சொல்லுறன்," என்றார். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அவர் சொல்லவில்லை, அவருடைய மாமன் சொன்னார். இந்தச் சம்பந்தம் சரிவராது.

அன்றிரவு இரவீந்திரன் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. "என்ர மானத்தை வாங்கிப்போட்டாய்," என்றான். "ஐஞ்சு வருசமா நான் பேர்ன்காரன்ர கடுதாசிக்குக் காத்துக்கொண்டு இருக்கிறன். பக்கத்து நாட்டு எல்லையைக்கூடப் போய்ப் பார்க்கேலாது எனக்கு. உனக்கு ஒரு புத்தகம் தந்தாங்கள். அதை வைச்சு நீ செய்யிற வேலை இது."

அவனுடைய கோபத்துக்குள் கோபம் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் செல்வராணிக்குத் தெரிந்தது. அவனுக்காக அவளுக்கு நெஞ்சு கரைந்தது. ஆனால் கரைந்ததற்காகக் காலைப் பின்வைக்க அவள் ஆயத்தமாக இல்லை.

"அண்ணை, நான் எப்பிடி வந்தனான் எண்டு நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை."

"லொறியில வந்தனி. தெரியுந்தானே."

"எத்தினை பேர் எண்டு தெரியுமோ? ஏழு பேர். ஆறு ஆம்பிளையள், நான் ஒருத்தி. தோடம்பழப் பெட்டியளுக்குப் பின்னால. ஏழு பேருக்கும் ஒரு வாளி." அவள் குரலை உயர்த்தவில்லை. "முதல் நாள் முழுக்க நான் அடக்கிக்கொண்டு இருந்தன். ரெண்டாம் நாள் ஏலாமல் போச்சுது. ஆறு பேரையும் மற்றப்பக்கம் திரும்பச் சொல்லிக் கேட்டன். நாலு பேர் திரும்பினவை."

மனோகரி சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"ஒரு ஊரில லொறி பகல் முழுக்க நிண்டது. வெளியில பொம்பிளையள் சிரிச்சுக் கதைக்கிற சத்தம். ஆரோ தண்ணி அள்ளி ஊத்தின சத்தம். தார்ப்பாயில ஒரு கிழிசல் இருந்தது. அதுக்குள்ளால பார்ப்பம் எண்டு எழும்பினன். பின்னால இருந்தவன் என்ர பின்னலில பிடிச்சு இழுத்து விழுத்தினான். உன்னால எல்லாரும் பிடிபடப் போறம், பொம்பிளையளைக் கூட்டிக்கொண்டு வந்தால் இதுதான் கரைச்சல் எண்டு சொன்னான். அதுக்குப் பிறகு பெல்கிரேட் வரைக்கும் நான் தலை நிமிர்த்தேல்லை. எந்த ஊர் அது எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது."

இரவீந்திரன் தன் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றான் இரவீந்திரன்.

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

அவன் எழும்பிப்போய்க் குழாயைத் திறந்து, சாப்பிடாத கோப்பையைக் கழுவினான். கழுவி முடித்து, முதுகைக் காட்டிக்கொண்டே, "எண்டாலும் போகாத," என்றான்.

"போறன் அண்ணை," என்றாள் செல்வராணி.

புரட்டாதி இரண்டாம் கிழமை அவள் புறப்பட்டாள். அண்ணன் வேலைக்குப் போய்விட்டான். மனோகரி பாடசாலையில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு வந்தாள். நிலையத்தில் அந்தப் பயணச்சீட்டு மனிதரிடம் இருவருமாகக் கடைசித் தடவை நேரங்களைச் சரிபார்த்தார்கள். அவர் மனோகரியின் ஒற்றையை மேலிருந்து கீழ்வரை படித்தார். "இதை யார் தயாரித்தது?" என்று கேட்டார். மனோகரி தரையைப் பார்த்தாள். "இவர்தான்," என்றாள் செல்வராணி. "எங்கள் அலுவலகத்தில்கூட இப்படி எழுத மாட்டார்கள்," என்றார் அவர். மனோகரி அன்று முழுக்க முகம் சிவந்து நடந்ததாகப் பிறகு கேள்வி.

பெல்கிரேட்டில் நிலையத்துக்கு எதிரே ஒரு ஹோட்டலில் இரவு தங்கினாள். கதவுக்குப் பின்னால் கதிரையை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் படுத்தாள். பயம் இருந்தது. இல்லை என்று அவள் எப்போதும் சொன்னதில்லை. காலை நிஷ் வண்டியில் யன்னலோர இருக்கை கிடைத்தது. வெளியே சோளக்காடு, சூரியகாந்தி அறுத்த வயல், ஆடு மேய்க்கிற பெண், மறுபடியும் சோளக்காடு. வண்டியில் இருந்தவர்கள் எவரும் வெளியே பார்க்கவில்லை. செல்வராணி ஐந்து மணித்தியாலமும் கண் எடுக்கவில்லை. நிலையப் பலகை வரும்போதெல்லாம் வாய்க்குள் எழுத்துக் கூட்டினாள்.

நிஷில் ஸ்லாவிட்சாவின் அம்மா முற்றத்தில் தகரத் தட்டு வைத்து மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். கையளவு நீளமான சிவப்பு மிளகாய்கள், காரமே இல்லாதவை. ரயில் வசனங்களுக்கு மேல் ஒரு வார்த்தையும் பொதுவாக இல்லாத இரண்டு பெண்களும் பின்னேரம் முழுக்க இருந்து தோல் உரித்தார்கள். அந்தத் தெரு முழுக்க அதே மணம். பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலிக்கு மேலால் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அன்று லொறி நின்றது இந்த ஊராக இருக்குமோ என்று செல்வராணி நினைத்தாள். பிறகு ஸ்கோப்யே வழியிலும் நினைத்தாள். பாலத்தடியில் கம்பளி தோய்த்த பெண்களைக் கண்டபோதும் நினைத்தாள். அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. இரண்டாம் நாளோடு அந்த யோசனையை விட்டுவிட்டாள். பார்க்க அவ்வளவு இருந்தது.

ஸ்கோப்யே வண்டியில் எதிரே இருந்த ஒரு பெரியவர் ஜெர்மன் தெரிந்தவர், முனிச்சில் வேலை செய்தவர். உன் புருஷன் எங்கே என்றார். இல்லை என்றாள். அப்பா? இல்லை. அண்ணன்? இருக்கிறார், சுவிஸில். அப்படியானால் யார் உன்னை அனுப்பியது? "என்னை ஒருவரும் அனுப்பவில்லை," என்றாள் செல்வராணி. "நான் சீட்டு எடுத்தேன்." பெரியவர் பையைத் திறந்து கொடிமுந்திரிகைப் பழக் குலை ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டிவிட்டு, அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

கரைச்சல் கடைசி நாளில் வந்தது. யூகோஸ்லாவியப் பக்கத்து எல்லை நிலையத்தில் ஏறிய இளம் அதிகாரி அவளுடைய நீலப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் அப்படியொன்றைக் கண்டதேயில்லை. சுவிஸ் புத்தகம், சுவிஸ்காரி இல்லை. ஸ்ரீலங்காவில் பிறந்தவள், ஸ்ரீலங்காவுக்கு மட்டும் போக முடியாதவள். தனியாக வேறு வருகிறாள். மேலதிகாரியிடம் கேட்க வேண்டும் என்றான். மேலதிகாரி சாப்பிடப் போயிருந்தார். பையோடு அவளை இறக்கினான்.

மேடையில் கிடந்த ஒரு நீள மர வாங்கில் அவள் இருந்தாள். வண்டி நகர்ந்தது. அவளுடைய யன்னல் இருக்கை அவளைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அப்போது ஒரு தரம் கண் கலங்கியது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள்.

ஒரு மணித்தியாலம் கழித்து அதிகாரி வந்து, ஸ்கோப்யேக்குத் திரும்பிப் போகும் வண்டி வருகிறது, அதில் ஏறினால் எல்லாருக்கும் சுகம் என்று கையால் காட்டினான்.

"விசா இருக்கிறது," என்றாள் செல்வராணி, அவனுடைய பாஷையில். "செக்காச்சு."

அவன் திடுக்கிட்டான். அவள் அதை இன்னும் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று மணிக்கு ஒரு தரம், ஐந்து மணிக்கு ஒரு தரம். இடையில் நிலையத்தைக் கூட்டும் பெண் வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்து, தன் பாணில் பாதியைப் பிய்த்துக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆறு மணிக்கு மேலதிகாரி வந்தார். நரைத்த மீசை, களைத்த முகம். புத்தகத்தை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார், இளையவனைப் பார்த்தார், முத்திரையை எடுத்துக் குத்தினார். அவ்வளவுதான். ஒரு நிமிட வேலை.

"ஏழு மணிக்கு வண்டி இருக்கிறது," என்றார் ஜெர்மனில். "இரவு தெசலோனிகி போய்விடலாம். மன்னிக்க வேண்டும்."

"காலையில் எத்தனை மணிக்கு?"

"காலையில் எதற்கு? இப்போதே போகலாமே."

"இருட்டிவிடும்," என்றாள் செல்வராணி. "நான் பகல் வண்டியில்தான் போவேன்."

மேலதிகாரி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆறு மணித்தியாலம் எல்லையைத் தாண்டவென்று வாங்கில் இருந்தவள், தாண்டச் சொன்னதும் மாட்டேன் என்கிறாள். அவர் இளையவனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவன் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு, நிலையத்துக்குப் பின்னால் அறை வாடகைக்கு விடும் ஒரு வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போனான். வழியில், தான் செய்தது கடமை என்றான். அவளுக்கு அந்தச் சொல் தெரியாது. அவன் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டாள். தலையாட்டினாள். ஆனால் பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை.

மறுநாள் காலை எட்டரை வண்டியில் எல்லையைத் தாண்டினாள். மனோகரி எழுதிக் கொடுத்த ஒற்றையில் அந்த வண்டி இரண்டாவது வழியாக இருந்தது. கிரேக்க நேரம் ஒரு மணித்தியாலம் முந்தியது உட்பட. சமவெளியில் இளஞ்சூடான வெயில் பரந்து கிடந்தது. தண்டவாளத்தை ஒட்டிப் பெருந்தெரு போனது. அதில் தார்ப்பாய் போட்ட லொறிகள் வடக்கே போய்க்கொண்டிருந்தன, ஒன்றன்பின் ஒன்றாக. அவற்றில் என்ன இருந்ததோ. பழம் இருக்கலாம், பஞ்சு இருக்கலாம். ஒவ்வொன்றும் கடந்து போகும்வரை செல்வராணி அதைப் பார்த்தாள். ஒரு லொறியின் பின் தார்ப்பாய் காற்றில் கழன்று அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே வெறுமை. அதைக் கண்டதும் தனக்குள் ஏதோ இறுகிக் கிடந்தது இளகும் என்று அவள் எதிர்பார்த்தாள். அப்படியொன்றும் நடக்கவில்லை. கோபம்தான் வந்தது, புதிதாக, நல்ல பலத்தோடு. அந்தக் கோபத்தோடேயே அவள் யன்னலைக் கீழே இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு தெசலோனிகி வரும்வரை இருந்தாள்.

நிலையத் தபாலகத்திலிருந்து எம்மன்புரூக்கேக்குத் தொலைபேசி எடுத்தாள். அண்ணன் எடுத்தான். அது அவன் வேலைக்குப் போயிருக்க வேண்டிய நேரம்.

"நேற்று எடுக்கிறன் எண்டாய்," என்றான்.

"எல்லையில இறக்கிப்போட்டாங்கள்."

"என்ன செய்தாங்கள்?" அவன் குரல் ஒடுங்கியது.

"ஒண்டும் செய்யேல்லை. புத்தகத்தைப் பார்த்தாங்கள். நான் இருந்தன். பிறகு விட்டாங்கள்."

"உனக்கு எத்தினை தரம் சொன்னனான்..."

"அண்ணை, நான் வந்து சேர்ந்திட்டன்."

அவள் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள். அவன், "எப்பிடி இடம்?" என்று கேட்டான்.

"கடல் கிட்டத்தான். சரியான வெயில். எங்கட பக்கத்து வெயில் மாதிரி இல்லை, காய்ஞ்ச வெயில். வழி முழுக்க ஆறு. மலையை வெட்டி ரயில் விட்டிருக்கிறாங்கள். சொல்லத் தொடங்கினால் காசு முடிஞ்சிடும் அண்ணை."

"வந்து சொல்லு," என்றான். பிறகு, தயங்கி, "முழுக்கச் சொல்லு," என்றான்.

"சொல்லுறன். மச்சாளிட்ட ரெண்டாவது வழியால வந்தனான் எண்டு சொல்லுங்கோ. அவ விளங்குவா."

ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தாள். பை தோளில் கனத்தது. பசித்தது. துறைமுகத்துக்குப் போகும் தெரு எது என்று தெரியவில்லை, கிரேக்க எழுத்து அவள் படித்ததுமில்லை. எதிரே வந்த ஒரு பெண்ணை நிறுத்தி, கையால் அலைபோலக் காட்டிக் கேட்டாள். அந்தப் பெண் வலப்பக்கம் காட்டினாள். செல்வராணி அந்தப் பக்கமாக நடந்தாள்.